எம்.எல்.ஏ.விடம் துப்பாக்கிச் சட்டம் கேட்கலாமா?

என் அக்கா மகள் ஏர் ரைபிள் சுடுகிறாள். பயிற்சிக்காகப் பாலக்கோட்டிலிருந்து சேலம் போவாள். தோளில் மாட்டியிருக்கும் நீளப் பெட்டியைப் பார்த்து "கீபோர்டா பாப்பா?" என்று கேட்காத கண்டக்டர் இல்லை. அவளும் "ஆமாங்கண்ணா" என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை உண்மையைச் சொல்லப்போய்ப் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்களாம். பக்கத்து சீட் பாட்டி எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாராம்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் அவளைப் போன்ற பிள்ளைகளின் வீட்டார் நாலைந்து பேர் சேர்ந்து, துப்பாக்கிச் சட்டத்தில் விளையாட்டுக்காரர்களை மறந்துவிடாதீர்கள் என்று வேட்பாளர்களிடம் ஒரு மனு கொடுக்கலாம் எனப் பேசினோம். அந்தப் பேச்சு டீக்கடைக்குப் போனதும் மூன்று விதமாகத் திரிந்தது. "எல்லார் கையிலயும் துப்பாக்கி குடுக்கச் சொல்றாங்களாம்" என்றார் ஒருவர். "கட்சிக்குப் பணம் குடுத்துச் சட்டத்த மாத்தப் பாக்கறாங்க, இதுக்குப் பேருதான் லாபி" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் நல்ல மனுஷன். "எம்.பி. எதுக்குங்க, நம்ம எம்.எல்.ஏ.வையே பாருங்க. அவரு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது" என்றார்.

மூன்றும் தப்பு. ஆனால் டீக்கடைக்காரர்களைக் குறை சொல்ல மனசில்லை, ஏனென்றால் மனு எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கும் இதே குழப்பங்கள் இருந்தன. எது துப்பாக்கி, அதற்கான சட்டத்தை யார் போடுகிறார்கள், ஒரு வேட்பாளரால் அதில் என்ன செய்ய முடியும் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் ஒரு பக்க மனு எழுத முடிந்தது.

முதலில், எது துப்பாக்கி?

சைக்கிளும் வண்டிதான், டி.வி.எஸ். எக்ஸெலும் வண்டிதான், பதினாறு சக்கர லாரியும் வண்டிதான். சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம், எக்ஸெல் ஓட்ட வேண்டும், லாரிக்கு வேறு லைசென்ஸ். பேச்சில் எல்லாம் வண்டியாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அவை ஒன்றில்லை. துப்பாக்கியும் அப்படித்தான்.

சைக்கிள் இடத்தில் இருப்பது ஏர் ரைபிள். இதில் வெடிமருந்து கிடையாது, அழுத்தி அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. அந்தக் குண்டுக்குப் பெல்லட் என்று பெயர். ஈயத்தில் செய்தது. நடுவில் இடுப்பு ஒடுங்கி, குட்டி உடுக்கை மாதிரி இருக்கும். ஒரு உளுந்து அளவு, எடை அரை கிராமை ஒட்டி. 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்குள், அதாவது நாலரை மில்லிமீட்டருக்குள்ளும், குழல்முனை ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. குழல்முனை ஆற்றல் என்றால், குண்டு குழலை விட்டு வெளியே வரும் நொடியில் அதில் இருக்கும் சக்தியின் அளவு.

போட்டியில் இதை 10 மீட்டர் தூரத்திலிருந்து சுடுகிறார்கள். 75 நிமிடத்தில் 60 குண்டு. இலக்கு அட்டையின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். ரீஃபில் பேனா முனையால் அட்டையில் ஒருமுறை தொட்டு எடுத்தால் விழும் புள்ளி, அவ்வளவுதான். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். இலக்கைப் பார்க்கும் நேரத்தைவிட மூச்சை அடக்கும் நேரம்தான் அதிகம் என்பாள் எங்கள் பெண். நெஞ்சு துடிப்பதற்கே குழல் முனை ஆடுமாம், இரண்டு துடிப்புக்கு நடுவில் சுட வேண்டுமாம்.

எக்ஸெல் இடத்தில் இருப்பது வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் பாயிண்ட் 22 ரைபிள் (குழலின் உள்விட்டம் 0.22 அங்குலம்), அப்புறம் விளையாட்டுக்கான பிஸ்டல், ஷாட்கன் எல்லாம். 50 மீட்டர் ரைபிள் போட்டி இந்த வகையில் வருகிறது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அந்தப் போட்டி. இவற்றுக்கு லைசென்ஸ் கட்டாயம். விசையை அழுத்திப் பிடித்தால் குண்டு பொழியும் தானியங்கி ரகங்கள் மூன்றாவது வகை. அவை சாதாரண மனிதருக்குத் தடைசெய்யப்பட்டவை, விளையாட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

நம் பக்கத்தில் இன்னொரு வகை உண்டு, குழப்பத்தில் பாதி அதனால் வருகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோர ஊர்களில் துப்பாக்கி என்றால் நாட்டுத் துப்பாக்கிதான். குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கிட்டிக்கும் ரகம். பயிரைக் காக்க இந்த மாதிரித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர சட்டத்திலேயே இடம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் பரணில் கிடப்பவையும் இருக்கின்றன, அவற்றை ஒப்படைக்கச் சொல்லி வனத்துறையும் போலீஸும் அவ்வப்போது அறிவிப்பார்கள். யானை ராகிக் காட்டில் இறங்கினால் என்ன செய்வது என்பது பெரிய கேள்விதான், ஆனால் அது தனிக் கதை. வேட்டைக்குப் போகிறவரின் துப்பாக்கியையும் விளையாட்டு வீராங்கனையின் ரைபிளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும்போதுதான் "எல்லார் கையிலும் துப்பாக்கி" என்ற பயம் கிளம்புகிறது.

இதுவரை சொன்னது: ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். வெடிமருந்துத் துப்பாக்கிக்கு வேண்டும். சட்டம் மாறினால் விளையாட்டு வீரர்களைத் தொடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

எருது விடும் விழாவும் மூன்று கதவுகளும்

இனி, சட்டம் யார் கையில் இருக்கிறது என்பது. இதற்குக் கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்கு எருது விடும் விழாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2017-ல் ஜல்லிக்கட்டுக்காகச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அது ஒரு கதவு. எத்தனை டாக்டர், எப்படித் தடுப்பு, என்ன உயரம் என்று அரசு விதிகள் வகுத்தது. அது இரண்டாவது கதவு. ஆனாலும் உங்கள் ஊரில் தை மாசம் எருது விட வேண்டும் என்றால் கலெக்டர் அனுமதி வேண்டும். அது மூன்றாவது கதவு. 2023 பிப்ரவரியில் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் மறியல் நடந்து நெடுஞ்சாலையே நின்றுபோனது ஞாபகம் இருக்கும். அன்றைக்குச் சட்டம் இருந்தது, விதியும் இருந்தது. அனுமதி தாமதமானதுதான் பிரச்சினை. அந்த நேரத்தில் யாராவது "சட்டத்தைத் திருத்துங்கள்" என்று மனு கொடுத்திருந்தால் எருது இன்னும் கட்டுத்தறியிலேயே நின்றிருக்கும்.

துப்பாக்கிக்கும் இதே மூன்று கதவுகள்தான். சட்டம் என்பது 1959-ன் ஆயுதச் சட்டம். எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம், லைசென்ஸ் இல்லாவிட்டால் என்ன தண்டனை என்ற பெரிய விஷயங்கள் அதில் இருக்கின்றன. விதிகள் என்பவை அந்தச் சட்டத்தை நடத்திக்காட்டும் நுணுக்கங்கள். எந்தத் தரத்து வீரர் எத்தனை வைத்திருக்கலாம், ஒரு வருடத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதெல்லாம் விதியில் வரும். இவற்றை மத்திய உள்துறை அமைச்சகம் அரசிதழில் அறிவிக்கிறது. கடைசியில் லைசென்ஸ் கொடுப்பதும் மறுப்பதும் மாவட்டத்தில், போலீஸ் அறிக்கையைப் பார்த்துவிட்டு.

ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. ஜல்லிக்கட்டில் மாநிலம் சட்டத்தைத் திருத்த முடிந்தது, துப்பாக்கியில் முடியாது. நம் அரசியலமைப்பு அதிகாரங்களை மூன்று பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கிறது: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவருக்கும் பொதுவான பட்டியல். மத்தியப் பட்டியலில் ஐந்தாவது இனமே ஆயுதங்கள், துப்பாக்கிகள், தோட்டாக்கள், வெடிபொருள்கள்தான். அதனால் சட்டமன்றத்துக்குப் போட்டியிடுபவரிடம் துப்பாக்கிச் சட்டத்தை மாற்றச் சொல்வது, பால் சொசைட்டித் தலைவரிடம் ரயில் நிறுத்தம் கேட்பது மாதிரி. அவர் மறுக்கவும் மாட்டார், "பாத்துக்கலாம்" என்பார். அதுதான் ஆபத்து.

அதற்காக எம்.எல்.ஏ. வேட்பாளரை விட்டுவிட வேண்டியதில்லை. மாநிலப் பட்டியலில் 33-வது இனத்தில் விளையாட்டு இருக்கிறது. சுடுதளம் கட்ட இடம், மாவட்ட விளையாட்டு அரங்கில் பத்து மீட்டர் கூடம், பயிற்சியாளர், பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்று கேட்க வேண்டிய எல்லாம் அவரிடம்தான் கேட்க வேண்டும். சுடுதளம் என்றதும் மலையை ஒட்டி நூறு ஏக்கர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏர் ரைபிளுக்கு வேண்டியது ஒரு நீளமான அறை, நல்ல வெளிச்சம், பின்னால் குண்டைத் தாங்கும் சுவர், யாரும் குறுக்கே வராத கதவு. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் இதைவிட நீளம்.

சுருக்கமாக: துப்பாக்கிச் சட்டம் எம்.பி. பக்கம், சுடுதளம் எம்.எல்.ஏ. பக்கம், லைசென்ஸ் கலெக்டர் ஆபீஸ் பக்கம்.

2019-ல் என்ன நடந்தது?

சட்டம் எப்படி மாறுகிறது என்பதை ஒரு உண்மை நிகழ்வை வைத்துப் பார்த்துவிடலாம்.

பழைய சட்டத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019 நவம்பர் 29 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். மசோதா என்றால் இன்னும் சட்டமாகாத வரைவு. அதில் மூன்று என்பதை ஒன்றாகக் குறைக்கும் யோசனை இருந்தது. ஆட்சேபணைகள் வந்தன. தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியைக் குலச்சொத்தாக வைத்திருப்பவர்கள் ஒருபக்கம், தோட்டத்துக் காவலுக்கு வைத்திருப்பவர்கள் ஒருபக்கம், விளையாட்டு வீரர்கள் ஒருபக்கம். டிசம்பர் 9 அன்று மக்களவையில் நிறைவேறியபோது ஒன்று என்பது இரண்டாகியிருந்தது. மறுநாளே மாநிலங்களவையிலும் நிறைவேறி, டிசம்பர் 14-ல் அமலுக்கு வந்துவிட்டது. இரண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் மிச்சத்தை ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது தேதிகள். மசோதா வந்ததற்கும் மக்களவையில் நிறைவேறியதற்கும் நடுவே பத்தே நாள்தான். தருமபுரியில் இருக்கும் ஒருவர் செய்தியைப் படித்து, மசோதாவைத் தேடிப் பிடித்து, யாரையாவது வைத்து அர்த்தம் புரிந்துகொண்டு, எம்.பி.யின் உதவியாளர் நம்பர் வாங்கி, டெல்லியில் இருக்கும் அவருக்குக் கடிதம் அனுப்புவதற்குள் பத்து நாள் ஓடிவிடும். விளையாட்டு வீரர்கள் தேர்தல் நேரத்திலேயே வேட்பாளர்களைப் பார்ப்பதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். சட்டம் வரும் நாளில் அறிமுகம் தேட முடியாது, அறிமுகம் முன்பே இருக்க வேண்டும்.

அதே திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சொல் மாற்றமும் இருந்தது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்க உறுப்பினர் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தும் துப்பாக்கிக்கு, இந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்று பழைய சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது பாயிண்ட் 22 ரைபிளுக்கும் ஏர் ரைபிளுக்கும் மட்டும் என்று எழுதியிருந்தது. புதிய சட்டத்தில் அந்த இடத்தில் பொதுவாக "துப்பாக்கி" என்று வந்துவிட்டது. ஒரு சொல்தான். பிஸ்டலும் ஷாட்கனும் சுடும் வீரர்களுக்கு அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதியைத் திருத்தியது. புகழ்பெற்ற சுடுவீரர்கள் கூடுதலாக வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் உச்ச எண்ணிக்கை 7-லிருந்து 12 ஆனது: ஒரு போட்டிப் பிரிவில் பெயர் பெற்றவருக்கு 8, இரண்டில் 10, அதற்கும் மேல் 12. சட்டக் கதவில் பொதுவாக இறுக்கிவிட்டு, விதிக் கதவில் வீரர்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். "துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள்" என்பவரும் "தளர்த்திவிட்டார்கள்" என்பவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடிந்தது இப்படித்தான். இவர் பார்த்தது ஒரு கதவு, அவர் பார்த்தது இன்னொன்று.

என்னைக் கேட்டால் மூன்றை இரண்டாகக் குறைத்ததில் எனக்குக் குறையில்லை. கல்யாணத்திலும் திருவிழாவிலும் கொண்டாட்டத்துக்காகச் சுட்டு யாருக்காவது ஆபத்து விளைவித்தால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே திருத்தம் சொன்னதும் நல்லதுதான். விளையாட்டுக்காரர்கள் கேட்பது துப்பாக்கிக் கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல. கட்டுப்பாடு போடும்போது எங்களுக்கான அந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள் என்பதுதான்.

லாபி என்றால் லஞ்சமா?

லாபி என்பது முதலில் ஒரு இடத்தின் பெயர். சபைக்குள் போவதற்கு முன் இருக்கும் முன்கூடம். உள்ளே போகும் உறுப்பினரை அங்கே நிறுத்தி "ஐயா, ஒரு விஷயம்" என்று பேசியவர்களால் அந்தச் செயலுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க வரிசையில் நிற்கிறோமே, அதன் அண்ணன்தான் இது. ஒரே வித்தியாசம், மனு பெரும்பாலும் தன் வீட்டுப் பட்டா, தன் தெருக் குழாய் பற்றியது. லாபி ஒரு கூட்டத்துக்கே பொருந்தும் விதியைப் பற்றியது.

இந்தியாவில் லாபிக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் தேர்தல் சட்டங்கள் வேலி போட்டு வைத்திருக்கின்றன. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத சில உண்டு. ஒரு வேட்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவருக்கு ஓட்டுக் கேட்டு நாம் கைக்காசில் போஸ்டர் அடித்தால் அதுவும் தப்பு, ஏனென்றால் அவருடைய செலவுக் கணக்குக்கு உச்சவரம்பு இருக்கிறது (2024-ல் நம் மாநிலத்தில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம்). தேர்தல் நோட்டீஸ் எதுவாக இருந்தாலும் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், முகவரி அதில் இருந்தாக வேண்டும். "இவருக்கே எங்கள் ஓட்டு" என்று ஒரு நோட்டீஸ் அடிக்கலாமா என்று எங்களில் ஒருவருக்கு ஆசை வந்தபோது, இதையெல்லாம் சொல்லித்தான் அடக்கினோம். எல்லா வேட்பாளருக்கும் ஒரே மனு, யாருக்கும் ஆதரவு இல்லை என்று முடிவு செய்தோம். பிறகு யார் ஜெயித்தாலும் போய்ப் பார்க்கலாம் பாருங்கள்.

சுடுபவர்களும் சட்டம் செய்பவர்களும் ஒன்றும் அந்நியர்கள் இல்லை. இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951-ல் தொடங்கியபோது முதல் தலைவர் மாவ்லங்கர். முதல் மக்களவையின் சபாநாயகரும் அவர்தான். 2004 ஏதென்ஸில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் பத்து வருடம் கழித்து எம்.பி. ஆனார், அப்புறம் விளையாட்டு அமைச்சரே ஆனார்.

இந்தப் பக்கம் லாபி இருந்தால் அந்தப் பக்கமும் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்ற ஊரில் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஒரு ஆசிரியையையும் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். கைத்துப்பாக்கியைத் தடை செய்யச் சொல்லி அந்தப் பகுதித் தாய்மார்கள் தொடங்கிய மனுவில் ஏழு லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்ந்தது. அப்போதிருந்த அரசு பாயிண்ட் 22-க்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. 1997 மே மாதம் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. புதிய அரசு அந்த வருடத்துக்குள்ளேயே பாயிண்ட் 22 கைத்துப்பாக்கியையும் தடையில் சேர்த்தது. பிரிட்டிஷ் பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று. பிள்ளைகளை இழந்தவர்கள் ஒருபக்கம் நிற்கும்போது "எங்கள் போட்டி என்ன ஆவது" என்று கேட்பது யாருக்கும் சுலபமில்லை. கேட்டவர்களின் பேச்சும் எடுபடவில்லை.

ஒரு வேட்பாளரால் என்ன முடியும்?

"சட்டம் வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கலாம் என்பதுதான் எங்கள் முதல் யோசனை. அது பலிக்காது. காரணம் கொறடா. கட்சி உறுப்பினர்கள் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று சபையில் உத்தரவு போடுபவர் அவர். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, அந்த உத்தரவை மீறி ஓட்டுப் போடும் எம்.பி. பதவியையே இழக்கலாம். ஒரு எம்.பி. தனியாக மசோதா கொண்டுவரலாம்தான், ஆனால் 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமானதில்லை.

ஆக, ஓட்டுப் பட்டனில் அவருக்குப் பெரிய சுதந்திரம் இல்லை. ஆனால் ஓட்டெடுப்புக்கு முன்னால் அவருக்குச் செய்ய நிறைய இருக்கிறது. கேள்வி நேரத்தில் கேட்கலாம். நிலைக்குழுவில் பேசலாம் (மசோதாவைச் சில எம்.பி.க்கள் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கும் இடம் அது, எல்லா மசோதாவும் அங்கே போவதில்லை). திருத்தம் கொடுக்கலாம், அமைச்சருக்குக் கடிதம் எழுதலாம், தன் கட்சிக்குள்ளேயே பேசலாம். விதி மாற்றத்துக்கு சபை ஓட்டெடுப்பே தேவையில்லை, அமைச்சகத்துக்குப் போகும் ஒரு நல்ல கடிதம் சில நேரம் போதும். நாம் கேட்க வேண்டியது இந்த மாதிரிச் சின்னச் சின்ன வேலைகளை.

ஓட்டுக் கணக்கைக் காட்டி மிரட்டவும் எங்களால் முடியாது. தருமபுரித் தொகுதியில் 15 லட்சம் பேரை ஒட்டி வாக்காளர்கள். எங்கள் தரப்பில் மாமன், மச்சான், சித்தப்பாவையெல்லாம் சேர்த்தாலும் ஒரு டெம்போ நிரம்பாது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்களா?

இது லாபியோடு சேராத விஷயம், ஆனால் தேர்தல் சமயத்தில் எல்லோரும் கேட்பது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், ரசீது தருவார்கள், தேர்தல் முடிந்ததும் திருப்பித் தருவார்கள். பறிமுதல் இல்லை, லைசென்ஸும் ரத்தாகாது. மாவட்ட அளவில் ஒரு குழு யார் யாரிடம் வாங்குவது என்று பார்க்கும். வங்கிக் காவலர்களுக்கும் போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரர்களுக்கும் விலக்கு தரும் ஆணைகள் உண்டு, ஆனால் தானாக வராது. எழுதிக் கேட்க வேண்டும். ஆணையைப் படிக்காமல் புலம்புவதில் பயனில்லை.

ஏர் ரைபிளுக்கு லைசென்ஸே இல்லை என்பதால் ஒப்படைக்கும் கதையும் பெரும்பாலும் இல்லை. ஆனால் அதைக் கொண்டுபோவதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த ஏப்ரலில் தொப்பூர் பக்கம் பறக்கும் படை எங்கள் காரை நிறுத்தியது. பணம் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள், நீளப் பெட்டியைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார்கள். வாங்கிய பில், சங்க அடையாள அட்டை, போட்டிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினோம். அதிகாரி எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டு, ஒரு பெல்லட்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "இத்தனூண்டுதானா?" என்றார். அன்றிலிருந்து அந்தக் காகிதங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் செட் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியில் நாங்கள் எழுதிய மனு

ஒரு பக்கம். மூன்றே கோரிக்கை. ஆயுதச் சட்டத்தில் எப்போது திருத்தம் வந்தாலும் பயிற்சிக்கான அந்த விலக்கு வரியைக் காப்பாற்றப் பேச வேண்டும். அப்படி ஒரு வரைவு வந்தால் தொகுதியில் உள்ள எங்களுக்கு உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு போன் வர வேண்டும். மாவட்டத்தில் பத்து மீட்டர் கூடம் ஒன்றுக்கு மாநில அரசிடம் சிபாரிசு செய்ய வேண்டும். மூன்றாவது எம்.பி. வேலை இல்லை என்று தெரிந்தேதான் சேர்த்தோம், கேட்டு வைப்போம் என்று.

மனுவோடு பெண் பயிற்சியில் சுட்ட ஒரு காகித அட்டையையும் குண்டூசியில் குத்தியிருந்தோம். அது அவள் யோசனை. ஒரு வேட்பாளரைப் பாலக்கோடு தக்காளி மார்க்கெட் வாசலில், இரண்டு லாரிக்கு நடுவில்தான் பிடிக்க முடிந்தது. மனுவைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு நகரப் போனவர், அட்டையைப் பார்த்து நின்றார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"ஒரு ஓட்டதானே இருக்குது?"

"அதுல அஞ்சு குண்டு போயிருக்குதுங்க" என்றாள்.

அவர் மறுபடியும் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். மனு பக்கத்து ஆளின் பையில் தக்காளி விவசாயிகளின் மனுவோடு போனது. அட்டையை மட்டும் மடிக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.